தேய்மானக் கணக்கில் ஓர் உடல்: ‘நார்த் டல்லாஸ் ஃபார்ட்டி’ திரைப்படத்தில் வலி, உடைமை, இசைவு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தைக் களமாகக் கொண்டு டெட் கோட்செஃப் இயக்கத்தில் 1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘நார்த் டல்லாஸ் ஃபார்ட்டி’ என்னும் திரைப்படத்தை, விளையாட்டுத் துறையின் சீர்கேடுகளை அம்பலப்படுத்தும் படமாக மட்டுமே வாசிப்பது வழக்கம். அவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் போதாது. ஆட்டக்காரனின் உடல் நிறுவனத்தின் உடைமையாவதைக் காட்டும் இப்படம், அவ்வுடைமையாக்கத்திற்கு ஆட்டத்தின்மீது அவன் கொண்ட அன்பே வழிவிடுகிறது என்பதையும் காட்டுகிறது. இதனால் ‘இசைவு’ என்னும் கருத்தே கேள்விக்குள்ளாகிறது. படத்தின் தொடக்கக் காட்சி, ஊசிக் காட்சி, உடைமாற்று அறைக் காட்சி, இறுதி விசாரணை ஆகிய நான்கினையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டும், மூலநாவலோடும் பின்வந்த இரு படங்களோடும் ஒப்பிட்டும் இக்கட்டுரை இக்கருத்தை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்கக் கால்பந்து, விளையாட்டுத் திரைப்படம், உடல், உடைமை, இசைவு, தேய்மானம், பீட்டர் ஜென்ட்.

முன்னுரை

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் இறுதி ஆட்டத்தை நோக்கியே நகர்வன. அதுவரை நாயகன் பட்ட காயங்கள், அவமதிப்புகள், இழப்புகள் அனைத்திற்கும் அவ்வாட்டமே பொருள் தருகிறது. வெற்றி கிட்டினால் வலி விலையாகிறது. தோல்வி கிட்டினால் வலி மாண்பாகிறது. எவ்வாறாயினும் வலி வீணாவதில்லை என்னும் உறுதியைப் பார்வையாளர் பெற்றுத் திரும்புகின்றனர்.

‘நார்த் டல்லாஸ் ஃபார்ட்டி’ இவ்வமைப்பை ஏற்றுக்கொள்வதுபோல் தொடங்கி, அதனைக் கைவிடுகிறது. இதிலும் இறுதி ஆட்டம் உண்டு. நாயகன் கடைசித் தருணத்தில் பந்தைப் பிடித்துப் புள்ளி ஈட்டுவதும் உண்டு. ஆயினும் அதனையடுத்த கூடுதல் புள்ளிக்கான முயற்சியில் பந்து கைநழுவ, அணி தோற்கிறது. படம் அங்கே முடிவதில்லை. ஓர் அலுவலக அறையில் நடக்கும் விசாரணையிலும், அதற்குப் பின் வெளியே நிகழும் சிறிய உரையாடலிலுமே முடிகிறது. ஆடுகளத்தில் முடியவேண்டிய கதை அலுவலகத்தில் முடிவது ஏன் என்னும் வினாவே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி.

இப்படத்தில் பிலிப் எலியட்டாக நிக் நோல்டியும், குவார்ட்டர்பேக் சேத் மேக்ஸ்வெல்லாக நாட்டுப்புற இசைப் பாடகர் மேக் டேவிஸும், தலைமைப் பயிற்சியாளர் ஸ்ட்ரோதர்ஸாக ஜி. டி. ஸ்பிராட்லினும் நடித்துள்ளனர். கதையில் இடம்பெறும் ‘நார்த் டல்லாஸ் புல்ஸ்’ கற்பனை அணியே. எனினும் அதன் முன்மாதிரி எது என்பது அமெரிக்கப் பார்வையாளர்க்கு மறைபொருளன்று.

நாவலும் அதன் பின்புலமும்

இப்படம் பீட்டர் ஜென்ட் 1973இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலைத் தழுவியது. ஜென்ட் 1964 முதல் 1968 வரை டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் பந்தேற்பவராக ஆடியவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் கூடைப்பந்து ஆட்டக்காரராகவே விளங்கினார். கல்லூரிக் கால்பந்து ஆடாமலே தொழில்முறை அணியில் சேர்ந்தார். கல்லூரிக் கால்பந்தின் ஒழுங்குமுறையில் வார்க்கப்படாத ஒருவரின் விலகிய பார்வை நாவலில் புலப்படுவதற்கு இப்பின்னணியும் ஒரு காரணமாகலாம். திரைக்கதையை அவர் கோட்செஃபுடனும் தயாரிப்பாளர் ஃபிராங்க் யப்லான்ஸுடனும் இணைந்து எழுதினார்.

தலைப்பிலுள்ள நாற்பது என்னும் எண், அக்காலத் தொழில்முறை அணியொன்றின் ஆட்டக்காரர் எண்ணிக்கையைச் சுட்டுவது. ஓர் அணியைப் பெயரால் அன்றித் தொகையால் குறிக்கும் இத்தலைப்பிலேயே படத்தின் மையப்பொருள் அடங்கியுள்ளது எனலாம். நாற்பது இடங்கள் நிலையானவை. அவற்றை நிரப்பும் மனிதர்கள் நிலையற்றவர்கள்.

அக்காலச் சட்டநிலையும் இங்குக் கருதத்தக்கது. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரனை வேறோர் அணி சேர்த்துக்கொள்ளுமாயின், பழைய அணிக்கு அது ஈடு தரவேண்டும். இரு அணிகளும் உடன்படாவிடில் அவ்வீட்டினைத் தேசியக் கால்பந்து லீகின் ஆணையரே முடிவு செய்வார். ஆணையர் பீட் ரோசெல்லின் பெயரால் வழங்கிய இவ்விதி, ஆட்டக்காரனின் பேரம்பேசும் ஆற்றலை ஏறத்தாழ இல்லாமலாக்கியது. ஜான் மேக்கி முதலிய ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதி போட்டித் தடைச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. எனினும் அணி மாறும் உரிமை இன்றுள்ள வடிவில் நடைமுறைக்கு வர 1993ஆம் ஆண்டு ஆயிற்று. எனவே 1979இல் எலியட் திரையில் பேசும்போது, ‘பிடிக்கவில்லையெனில் வேறு அணிக்குச் செல்லலாமே’ என்னும் எளிய விடை அவனுக்குக் கிடையாது. ஆடுவது அல்லது ஆட்டத்தையே விடுவது என்னும் இரண்டே வழிகள் அவன்முன் உள்ளன.

காலைப்பொழுதின் உடல்

படம் ஆடுகளத்தில் தொடங்குவதில்லை, படுக்கையறையில் தொடங்குகிறது. ஆட்டத்திற்கு மறுநாள் காலை எலியட் விழிக்கிறான். மூக்கிலிருந்து குருதி கசிந்துள்ளது. எழுந்து நிற்பதே ஒரு செயலாக இருக்கிறது. நொண்டியவாறு நடந்து, மாத்திரைகளைப் பீரோடு விழுங்கி, வெந்நீர்த் தொட்டியில் உடலை இறக்குகிறான். முந்தைய ஆட்டத்தின் காட்சித் துணுக்குகள் இடையிடையே குறுக்கிடுகின்றன.

இத்தொடக்கத்தில் இரு செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, காலவரிசை. பொதுவாக மோதல் முதலிலும் வலி பின்னுமாகக் காட்டப்படும். இங்கு வலியே முதலில் தரப்படுகிறது. ஆட்டம் அவ்வலியை விளக்கும் நினைவாக மட்டுமே வருகிறது. தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் காணும் பார்வையாளருக்கு மறைக்கப்பட்டதொரு பகுதியைப் படம் தன் முதல் சொல்லாக வைக்கிறது. அரங்கில் இலட்சக்கணக்கானோர் கண்ட ஓட்டத்திற்கும், குளியலறையில் ஒருவரும் காணாத நடைக்கும் இடையிலுள்ள தொலைவே படத்தின் களம்.

இரண்டாவது, இன்பம். அவ்வலியினூடே எலியட் நினைத்து மகிழ்வது பந்தைப் பிடித்த அந்தத் தருணத்தை. நோல்டியின் முகத்தில் தோன்றும் அந்நிறைவு நடிப்பல்ல என்று தோன்றுமளவு இயல்பானது. அம்பலப்படுத்தும் நோக்கம் மட்டுமே கொண்ட ஒரு படத்திற்கு இந்நிறைவு தேவையில்லை, இடையூறும்கூட. வலியை மட்டும் காட்டியிருந்தால் எலியட் பாதிக்கப்பட்டவன் என்னும் ஒற்றை நிலையில் நின்றிருப்பான். வலியையும் அதற்குள்ளிருக்கும் இன்பத்தையும் ஒரே உடலில் காட்டுவதால், ‘இவன் ஏன் விட்டுவிடவில்லை’ என்னும் வினாவிற்குப் படம் முதற் சில நிமிடங்களிலேயே விடை தந்துவிடுகிறது. அவ்விடையின் விலை என்ன என்பதையே எஞ்சிய பகுதி ஆராய்கிறது.

தமிழ் மரபில் போர்க்காயத்தைக் குறிக்க ‘விழுப்புண்’ என்னும் சொல் உண்டு. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம், அத்தகைய புண்படாத நாளை வீணான நாளாகக் கொள்ளும் வீரனைப் பேசுகிறது. புண்ணைப் பெருமையாக்கும் இத்தகைய மனநிலை போர்ச் சமூகங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. அமெரிக்கக் கால்பந்தின் பேச்சுவழக்கும் அதனையே கடன்பெற்று வழங்குகிறது. ஆனால் விழுப்புண்ணிற்குச் சாட்சி தேவை. அதனைக் கண்டு போற்றும் சுற்றமும், நினைவில் வைக்கும் மரபும் இருந்தால்தான் புண் புகழாகும். எலியட்டின் காயங்களுக்கு அத்தகைய சாட்சி இல்லை. அவற்றைக் குறித்து வைப்பவர்கள் அணியின் மருத்துவரும் அலுவலரும் மட்டுமே. அவர்கள் குறிப்பது புகழையன்று, பயன்பாட்டை. வீரத்தின் மொழி வழங்கப்படும் இடத்தில் கணக்கின் மொழி ஆட்சி செய்வதே இப்படம் காட்டும் முரண்.

எண்ணாக்கப்பட்ட ஆட்டக்காரன்

பயிற்சியாளர் ஸ்ட்ரோதர்ஸ் குரலை உயர்த்துபவர் அல்லர். அமைதியும் ஒழுங்கும் சமயப்பற்றும் உடையவராகவே வருகிறார். கவ்பாய்ஸ் அணியை 1960 முதல் 1988 வரை பயிற்றுவித்த டாம் லேண்ட்ரியின் சாயல் இப்பாத்திரத்தில் தெளிவு. எலியட்டின் திறனை அவர் கணிப்பொறி தரும் மதிப்பீடுகளைக் கொண்டு பேசுகிறார். அவனது மனப்போக்கு முதிர்ச்சியற்றது என்கிறார். பந்தைப் பிடிக்கும் திறன் எண்ணாகக் கிடைக்கிறது. மனப்போக்கிற்கு எண் இல்லை. ஆயினும் முன்னதைவிடப் பின்னதே அவனைக் காத்திருப்போர் இருக்கையில் அமர்த்தப் போதுமானதாகிறது. எண்ணின் புறவயத்தன்மையைச் சான்றாகக் காட்டும் அதிகாரம், இறுதி முடிவைத் தன் விருப்பத்திற்கே விட்டுவைக்கிறது என்பதை இக்காட்சி நுட்பமாக வெளிப்படுத்துகிறது.

இக்கணிப்பொறி திரைக்கதையின் மிகைப்படுத்தலன்று. கவ்பாய்ஸ் நிர்வாகம் 1960களிலேயே ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கக் கணிப்பொறியை நாடியது. அம்முறையை வகுத்ததில் முதன்மைப் பங்காற்றியவர் இந்தியாவில் பிறந்த புள்ளியியலாளர் சலாம் குரேஷி. பயிற்றுநர்கள் தத்தம் நோக்கில் பயன்படுத்திய தளர்வான சொற்களை அளவிடத்தக்க பண்புகளாக மாற்றுவதே அப்பணியின் அடிப்படை. இன்று எல்லா விளையாட்டுகளிலும் பரவிவிட்ட தரவுப் பகுப்பாய்வின் தொடக்கங்களுள் ஒன்றை 1979ஆம் ஆண்டுப் படமொன்று ஐயத்தோடு நோக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. படத்தின் ஐயம் அளவிடுதல் மீதன்று. அளவிடப்பட்டவனுக்கு அவ்வளவீட்டோடு வழக்காட உரிமையின்மை மீதாகும்.

ஊசியும் இசைவும்

படத்தின் நெறிசார் மையம் வலிமரப்பு ஊசியைச் சுற்றி அமைகிறது. எலியட் தன் முழங்காலில் ஊசி போட்டுக்கொள்வதை டெல்மா ஹடில் என்னும் கறுப்பின ஆட்டக்காரன் காண்கிறான். தொடைத்தசைக் காயத்தோடு இருக்கும் அவன், தனக்கு ஊசி வேண்டாம் என்று மறுக்கிறான். பின்னர் அவனும் இணங்குகிறான். ஆட்டத்தில் அவன் கால் தளர்கிறது. கடுமையாகத் தாக்கப்பட்டு வீழ்கிறான்.

இந்நிகழ்வில் எவரும் எவரையும் கட்டிவைத்து ஊசி குத்தவில்லை. ஆவணமாக எழுதினால், இருவரும் தத்தம் விருப்பத்தால் மருத்துவம் பெற்றனர் என்றே எழுதவேண்டியிருக்கும். படம் கேட்பது இதனையே: அவ்விருப்பம் எதனால் ஆனது? மூன்று கூறுகளைப் படம் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, அச்சம். ஆடாதவனின் இடம் இன்னொருவனுக்குச் செல்லும். இரண்டு, முன்மாதிரி. சக ஆட்டக்காரன் ஏற்றுக்கொண்டதை மறுப்பவன் கோழையாகிறான். மூன்று, அன்பு. ஆடவேண்டும் என்னும் வேட்கை, உடலின் எச்சரிக்கையைவிட வலிமையானது.

இவற்றுள் இரண்டாவதே எலியட்டைக் குற்றத்தில் பங்காளியாக்குகிறது. அவன் எதுவும் சொல்லவில்லை, வற்புறுத்தவுமில்லை. ஆயினும் அவன் முழங்காலில் ஏறிய ஊசி, ஹடிலின் மறுப்பை வலுவிழக்கச் செய்கிறது. பாதிக்கப்பட்டவனின் இணக்கமே அடுத்தவனைப் பாதிக்கும் கருவியாக மாறுவதைக் காட்டும் இவ்விடம், இப்படத்தை வெறும் முறையீட்டு நிலையிலிருந்து உயர்த்துகிறது. தனி ஒருவரின் உடல்மீது தனி ஒருவர் எடுக்கும் முடிவு என்று இசைவைக் கருதும் வழக்கமான நோக்கு, நாற்பது பேர் அடங்கிய அறையில் செல்லுபடியாவதில்லை. அங்கு ஒவ்வொரு ‘ஆம்’ என்பதும் மற்றவர் ‘இல்லை’ என்று சொல்வதற்கான விலையை உயர்த்துகிறது.

விளையாட்டா, வணிகமா

தோல்விக்குப் பின் உடைமாற்று அறையில் துணைப் பயிற்சியாளர் ஜான்சன், எதிரணியின் போக்குகளைப் பற்றிய தரவுகளை ஆட்டக்காரர்கள் புறக்கணித்ததாகக் கடிந்துகொள்கிறார். அப்போது தாக்குவரிசை ஆட்டக்காரன் ஷாடக் வெடித்தெழுகிறான். இப்பாத்திரத்தில் நடித்த ஜான் மட்டுசாக், 1973ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட, படப்பிடிப்புக் காலத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் ஆடிவந்த தொழில்முறை ஆட்டக்காரர். ஷாடக்கின் குற்றச்சாட்டு சுருக்கமானது: தான் இதனை விளையாட்டு என்று கருதும்போதெல்லாம் நிர்வாகம் வணிகம் என்கிறது, வணிகம் என்று கருதும்போதெல்லாம் விளையாட்டு என்கிறது.

இக்கூற்று விளையாட்டு வணிகமாகிவிட்டது என்னும் வழக்கமான புலம்பலன்று. ஷாடக் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்கவில்லை. இரண்டிற்கும் இடையே மாறிக்கொள்ளும் உரிமை ஒரு தரப்பிற்கு மட்டுமே இருப்பதை எதிர்க்கிறான். ஊதியம் கேட்கும் ஆட்டக்காரனிடம் அணிப்பற்று, தியாகம், விளையாட்டின் மாண்பு ஆகியவை பேசப்படுகின்றன. மகிழ்ந்து ஆட விரும்பும் ஆட்டக்காரனிடம் முதலீடு, பொறுப்பு, தரவு ஆகியவை பேசப்படுகின்றன. இரு மொழிகளும் தம்மளவில் பொய்யல்ல. எந்நேரத்தில் எம்மொழி பேசப்படும் என்பதை முடிவு செய்வதிலேயே அதிகாரம் தங்கியுள்ளது. கல்வி, மருத்துவம், கலை முதலான, அன்பையும் ஊதியத்தையும் ஒருங்கே கோரும் தொழில்கள் அனைத்திற்கும் பொருந்தும் உண்மை இது. ஆய்வுலகில் பணிபுரிவோர்க்கும் இது புதிதாக இராது.

கருவிப் பட்டியல்

படத்தின் முடிவுப் பகுதியில் எலியட் நிர்வாகத்தினர்முன் அழைக்கப்படுகிறான். அவனைப் பின்தொடர அணி தனியார் துப்பறிவாளரை அமர்த்தியிருந்தது தெரியவருகிறது. கஞ்சா புகைத்தது, உரிமையாளர் குடும்பத்தவரான எம்மெட் ஹன்டருக்கு மணம் பேசப்பட்ட பெண்ணுடன் உறவு கொண்டது ஆகியவை அறிக்கையில் உள்ளன. அவனுடன் புகைத்த மற்றொருவன் யார் என்பது மட்டும் அறிக்கையில் அடையாளம் காணப்படவில்லை. அவன் குவார்ட்டர்பேக் மேக்ஸ்வெல். அணிக்கு இன்றியமையாதவனைக் காண மறுக்கும் கண், தேவையற்றவனைத் துல்லியமாகக் காண்கிறது.

எலியட்டின் மறுமொழி படத்தின் திறவுகோல். அணி என்பது ஆட்டக்காரர் அல்லர், இவ்வறையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தினரே அணி. ஆட்டக்காரர் தோள்காப்புகளோடும் தலைக்கவசங்களோடும் சேர்த்து எழுதப்படும் கருவிகள் மட்டுமே என்பது அவன் கூற்றின் சாரம். இதனைச் சினத்தில் பிறந்த உருவகமாகக் கொள்வதே இயல்பு. ஆனால் கணக்கியல் நோக்கில் இது உருவகமன்று.

அமெரிக்காவில் தொழில்முறை அணியொன்றை விலைக்கு வாங்குபவர், விலையின் ஒரு பகுதியை ஆட்டக்காரர் ஒப்பந்தங்களின் மதிப்பாகக் காட்டி, அதனைக் குறிப்பிட்ட ஆண்டுகளில் தேய்மானமாகக் கழித்து வரிச்சலுகை பெறும் வழக்கம் உண்டு. பேஸ்பால் அணிகளின் உரிமையாளர் பில் வீக் முன்னெடுத்த இம்முறை பிற விளையாட்டுகளுக்கும் பரவியது. தொழிற்சாலை இயந்திரம் ஆண்டுதோறும் மதிப்பிழப்பதுபோல ஆட்டக்காரனும் மதிப்பிழக்கிறான் என்பது இதன் அடிப்படை. ஆனால் தேய்கின்ற முழங்காலையுடைய ஆட்டக்காரன் அத்தேய்மானத்தைத் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ள வழியில்லை. உடல் அவனுடையது, அதன் தேய்மானம் உரிமையாளருடையது. எலியட் தன்னைக் கருவி என்றபோது, தன் நிலையை உணர்ச்சிவயப்பட்டு மிகைப்படுத்தவில்லை. ஏட்டில் உள்ளவாறே கூறினான்.

தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கிறான், கருவிகள் முதலாளியுடையவை என்பது அரசியல் பொருளாதாரத்தின் அடிப்படைப் பாகுபாடு. தொழில்முறை ஆட்டக்காரனிடத்தில் இப்பாகுபாடு குழம்புகிறது. அவன் உடலே உழைப்பு, அதுவே கருவி, காண்போர்க்கு அதுவே சரக்கும் ஆகிறது. அதனால் வேலை முடிந்து வீடு திரும்புகையில் கருவியை ஆலையிலேயே விட்டுவரும் வாய்ப்பு அவனுக்கில்லை. படத்தின் முதற் காட்சி படுக்கையறையில் அமைந்ததன் பொருள் இங்கே முழுமை பெறுகிறது. வீட்டிற்கு வந்திருப்பது மனிதனா, கருவியா என்பதே அக்காலைப்பொழுது எழுப்பிய வினா.

படத்தின் போதாமைகள்

இவ்வளவு கூர்மையுடைய படம் சில இடங்களில் தன் பார்வையைத் தானே சுருக்கிக்கொள்கிறது. ஹடிலின் வீழ்ச்சி எலியட்டின் மனமாற்றத்திற்கு உதவும் நிகழ்வாகவே நின்றுவிடுகிறது. வீழ்ந்த பிறகு அவன் என்ன ஆனான், அவன் என்ன எண்ணினான் என்பதற்குப் படத்தில் இடமில்லை. வெள்ளையின நாயகன் விழிப்புப் பெறக் கறுப்பின உடல் விலையாகிறது. உடலைக் கருவியாக்குவதைக் கண்டிக்கும் கதையே தன் கட்டமைப்பில் ஓர் உடலைக் கருவியாக்குவது எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று.

பெண் பாத்திரங்களின் நிலையும் அத்தகையதே. சார்லட் ஆட்ட உலகிற்கு வெளியே நிற்பவள். அதனால் அதன் பொருளின்மையைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு அவளுக்குத் தரப்பட்டுள்ளது. ஆனால் அவளுக்கெனத் தனி வாழ்க்கைச் சிக்கல் எதுவும் உருவாக்கப்படவில்லை. விருந்துக் காட்சியில் பெண்கள்மீது நிகழும் வன்முறையைப் படம் ஓரளவு நகைச்சுவையாகவே கையாள்கிறது.

நாவலோடு ஒப்பிடுகையில் இக்குறை மேலும் தெளிவாகிறது. நாவலின் முடிவில் சார்லட்டும் அவள் நண்பனான கறுப்பின இளைஞனும் கொலையுறுகின்றனர். களத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட வன்முறையும் களத்திற்கு வெளியே கட்டவிழும் வன்முறையும் ஒரே சமூகத்தின் இரு முகங்கள் என்பது ஜென்ட்டின் முடிபு. திரைப்படம் இக்கொலைகளை நீக்கியது. இதனால் கதை செறிவு பெற்றது. அதிகாரத்திற்கும் உடலுக்குமான உறவு தெளிவாகப் புலப்பட்டது. ஆனால் சமூகத்தின் குற்றம் ஒரு நிறுவனத்தின் குற்றமாகக் குறுகியது. நாவலில் எலியட்டிற்கு வெளியேறிச் செல்ல இடமில்லை, திரைப்படத்தில் இடமிருக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

பின்வந்த இரு படங்கள்

ஆலிவர் ஸ்டோனின் ‘எனி கிவன் சண்டே’ 1999இல் வெளிவந்தது. தேசியக் கால்பந்து லீகின் ஒத்துழைப்பு கிடைக்காமையால் கற்பனை லீக் ஒன்றையும் மயாமி ஷார்க்ஸ் என்னும் அணியையும் அது உருவாக்கிக்கொண்டது. காயத்தை மறைக்கும் அணி மருத்துவர், ஊக்கத்தொகைக்காக உயிரைப் பணயம் வைக்கும் மூத்த ஆட்டக்காரன், இலாபத்தையே நோக்கும் இளம் உரிமையாளர் என முன்னைய படத்தின் கூறுகள் பலவும் இதில் பெருகிய அளவில் உள்ளன. முந்தைய படத்தில் விளிம்பிற்குத் தள்ளப்பட்ட கறுப்பின ஆட்டக்காரன், இங்கு ஜேமி ஃபாக்ஸ் ஏற்ற பீமன் பாத்திரத்தின் வழியே மையத்திற்கு வருகிறான். இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அல் பசினோ ஏற்ற பயிற்சியாளர் டமாட்டோ, அங்குலம் அங்குலமாகப் போராடுவதைப் பற்றி ஆற்றும் உரை படத்தின் உச்சமாகிறது. அவ்வுரையில் வலி மீண்டும் பொருள் பெற்றுவிடுகிறது. இரண்டு மணி நேரம் கேள்விக்குட்படுத்திய தொன்மத்தைச் சில நிமிட உரை மீட்டுத் தருகிறது. அவ்வுரை பின்னாளில் நிறுவனக் கூட்டங்களில் ஊக்கவுரையாகப் பயன்பட்டதில் வியப்பில்லை.

2015இல் வெளிவந்த ‘கன்கஷன்’ வேறொரு திசையில் செல்கிறது. பிட்ஸ்பர்க் அணியின் முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபோது, அவர் மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, தொடர் அதிர்ச்சியால் விளையும் மூளைச் சிதைவைக் கண்டறிந்து 2005இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வரலாற்றைக் கூறும் இப்படத்தில் முழங்கால் வலி மூளைச் சிதைவாகிவிட்டது. ஐயம் அறிவியல் சான்றாகிவிட்டது. ஆனால் ஆட்டக்காரன் பெரும்பாலும் பிணமேசையில் கிடப்பவனாகவோ, தன்னிலை இழந்தவனாகவோ வருகிறான். பேசுபவர் மருத்துவர். எலியட் தன் உடலைப் பற்றித் தானே பேசினான்; இங்கு உடல் வேறொருவர் வாயிலாகப் பேசுகிறது.

மூளைச் சிதைவு பற்றிய அறிவு, இசைவு பற்றிய வினாவைக் கூர்மையாக்குகிறது. முழங்கால் வலியை ஆட்டக்காரன் உணர்கிறான், உணர்ந்தே ஏற்கிறான். மூளையில் நிகழும் சிதைவை அவன் உணர்வதற்குமுன் பல்லாண்டுகள் கழிந்துவிடும்; உணரும் கருவியே சிதைந்தும்விடும். அறியாததற்கு ஒருவன் இசைவளிக்க முடியுமா என்னும் வினாவை 1979ஆம் ஆண்டுப் படம் கேட்கவில்லை. ஆனால் அறிந்ததற்கு அளிக்கும் இசைவே ஐயத்திற்குரியது என்பதை அது முன்னரே காட்டிவிட்டது.

முடிவுரை

அணியிலிருந்து விலகி வெளியே வரும் எலியட்டை மேக்ஸ்வெல் எதிர்கொள்கிறான். விசாரணையில் தன் பெயர் அடிபட்டதா என்பதே அவன் கவலை. உரையாடலின் முடிவில் பழைய வழக்கத்தால் பந்தை எலியட்டை நோக்கி வீசுகிறான். பந்து வருகிறது, எலியட் அதனைப் பிடிப்பதில்லை. மார்பில் பட்டு அது கீழே விழுகிறது.

படம் முழுவதும் எலியட்டின் கைகளைப் பற்றியே பேசப்படுகிறது. அக்கைகளே அவன் திறன். அவையே அவனை அணியில் இருத்தின. பந்தைக் கண்டதும் எழும் அவை எழாமல் நிற்பதே இப்படத்தில் நிகழும் ஒரே முழுமையான மறுப்பு. ஊசியை மறுத்த ஹடிலால் அம்மறுப்பில் நிலைக்க இயலவில்லை. சொற்களால் மறுத்த ஷாடக் அடுத்த ஆட்டத்திற்குத் திரும்பியாகவேண்டும். எலியட் மறுப்பது நிர்வாகத்தை மட்டுமன்று. தான் அன்பு செய்த ஒன்றையும் ஆகும். அதனாலேயே அது விடுதலையாகவும் இழப்பாகவும் ஒருங்கே தோன்றுகிறது.

தொழில்முறை ஆட்டத்தில் உடல் சுரண்டப்படுகிறது என்பது இன்று புதிய செய்தியன்று. நீதிமன்றத் தீர்ப்புகளும் மருத்துவ ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்திவிட்டன. இப்படத்தின் நிலைத்த மதிப்பு அச்செய்தியில் இல்லை. சுரண்டல் வெறுப்பின் வழியாக மட்டும் நிகழ்வதில்லை, அன்பின் வழியாகவும் நிகழ்கிறது. அன்பு உண்மையானது என்பதால் சுரண்டல் குறைவதில்லை, சுரண்டல் உண்டு என்பதால் அன்பு பொய்யாவதுமில்லை என்பதைப் படம் ஓர் உடலில் வைத்துக் காட்டியுள்ளது. விளையாட்டுத் திரைப்படங்களை ஆராய்வோர் இறுதி ஆட்டத்தின் வெற்றி தோல்வியைக் காட்டிலும், மறுநாள் காலையில் அவ்வுடல் எவ்வாறு எழுகிறது என்பதை நோக்குவது பயன் தரும். அந்நோக்கிற்கு ‘நார்த் டல்லாஸ் ஃபார்ட்டி’ நல்லதொரு தொடக்கமாகும்.